வண்டி செய்பவர் மகனும் ஸ்பெயின் நாட்டுக் கிரீடமும்: தளபதி எஸ்பார்டெரோ பற்றி ஒரு பதில்

“ஸ்பெயினில் எஸ்பார்டெரோ என்று ஒரு தளபதி இருந்தாராம், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளையாம், அவரை ராஜாவாக்க முன்வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். உண்மையா? அவ்வளவு நல்ல மனிதர் என்றால் சொந்த நாட்டு நகரமான பார்சிலோனா மீது ஏன் குண்டு போட்டார்?” என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது கிரீடம் பற்றிய கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது, இந்த இரண்டு செயலும் ஒரே மனிதருக்குள் எப்படி இருந்தன என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரீடம் பற்றிய செய்திக்கு அடிப்படை உண்டு, ஆனால் பரவியிருக்கும் வடிவம் கொஞ்சம் மிகை. குண்டு வீச்சு முழு உண்மை.

கல்லூரியில் பல வருடங்கள் ஐரோப்பிய வரலாறு நடத்தியவன் நான். ஸ்பானிய ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து மூலக் கடிதங்களைப் புரட்டியவன் அல்ல. அச்சில் வந்தவற்றைப் படித்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன். அதனால் எது உறுதி, எது பரவலாகச் சொல்லப்படும் கதை என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

பல்டொமேரோ எஸ்பார்டெரோ 1793 பிப்ரவரி 27 அன்று லா மான்சா பகுதியில் கிரானாதுலா தே கலத்ராவா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா மாட்டு வண்டி, குதிரை வண்டி செய்யும் தச்சர். வீடு நிறையப் பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. அந்தக் காலத்து ஸ்பெயினில் பணமில்லாத வீட்டுப் பிள்ளை படித்து மேலே வர ஒரே வழி திருச்சபைதான். அண்ணன்மார் சிலர் அந்த வழியில் போனார்கள். இவரையும் பக்கத்து ஊரான அல்மாக்ரோவில் தொமினிக்கன் துறவிகள் நடத்திய பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள். 1808இல் நெப்போலியன் படை ஸ்பெயினுக்குள் வராமல் இருந்திருந்தால் அநேகமாக ஒரு கிராமத்துப் பாதிரியாராக வாழ்ந்து முடித்திருப்பார். படை வந்தது, மாணவர்கள் துப்பாக்கி எடுத்தார்கள், 15 வயதுப் பையனும் சேர்ந்துகொண்டான். 1809 நவம்பரில் ஒகான்யா போரில் ஸ்பானியப் படை சிதறியபோது அதில் அவரும் இருந்தார். பிறகு தெற்கே காதிஸ் பக்கம் போய் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் படித்தார். பொறியாளர் பிரிவில் தேற முடியவில்லை, காலாட்படைக்கு மாற்றினார்கள். கணக்கும் வரைபடமும் அவருக்கு ஒத்துவரவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளிலும் அவர் திட்டம் போட்டு ஆடுபவராக இருந்ததில்லை. நேராக முன்னால் போய் நிற்பதுதான் அவருடைய பலம்.

1815இல் பாப்லோ மொரில்யோ தலைமையில் தென் அமெரிக்கக் குடியேற்றங்களை மீட்கக் கிளம்பிய பெரிய படையோடு இவரும் கப்பல் ஏறினார். பெருவிலும், இன்று பொலிவியா என்று சொல்லும் மேல் பெருவிலும் பத்து வருடம் கிட்டத்தட்ட ஓயாத சண்டை. 1823 ஜனவரியில் தொராத்தா, மொகேகுவா போர்களில் காயப்பட்டும் முன்னணியில் நின்று பெயர் வாங்கி, அந்த வருடமே பிரிகேடியர் ஆனார். அப்போது வயது 30. போரில் சாவு அதிகம் என்பதால் பதவி உயர்வும் வேகம். பெருவில் சீட்டாட்டத்தில் பெரும்பணம் சேர்த்தார் என்று ஒரு கதை உண்டு. அவர் சீட்டாடியவர் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் தொகைகளைப் பெரிதாக்கிச் சொன்னவர்களில் அவருடைய எதிரிகள் நிறைய. 1824இல் துணையரசர் லா செர்னா அவரை மத்ரித்துக்குத் தூதனுப்பினார். அவர் திரும்பி வருவதற்குள் 1824 டிசம்பர் 9 அன்று அயாகுச்சோ போரில் ஸ்பெயினின் தென் அமெரிக்க ஆட்சியே முடிந்துபோனது. கில்கா துறைமுகத்தில் இறங்கியதும் கைது, சிறை, பிறகு விடுதலை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெருவில் சேவை செய்து திரும்பிய அதிகாரிகளை அரசியலில் ‘அயாகுச்சோக்காரர்கள்’ என்று ஏளனமாகக் கூப்பிட்டார்கள், அந்தக் கூட்டத்துக்கே தலைவர் என்று எஸ்பார்டெரோவைச் சொன்னார்கள். அவரோ அந்தப் போரில் இல்லவே இல்லை.

ஸ்பெயின் திரும்பியவரை வடக்கே வேலைக்குப் போட்டார்கள். லோக்ரோன்யோ என்ற ஊரில், 1827இல், ஹசிந்தா மார்த்தினெஸ் தே சிசிலியா என்ற பணக்காரக் குடும்பத்து வாரிசைக் கல்யாணம் செய்தார். இதை ஏதோ வசதிக்காகச் செய்த திருமணம் என்று ஒதுக்கிவிட முடியாது. போர்க்களத்திலிருந்து அவர் ஹசிந்தாவுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அரசியல், பயம், கோபம், உடம்பு வலி எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டியிருக்கிறார். அந்த நூற்றாண்டுத் தளபதிகள் வேறு யாரையும் நாம் இவ்வளவு நெருங்கிப் பார்க்க முடிவதில்லை. இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. இந்த விஷயம் கடைசியில் கிரீடக் கதைக்குள் வரும்.

சரி, அவரைப் பெரிய மனிதராக்கிய போருக்கு வருவோம். 1833 செப்டம்பரில் மன்னர் ஏழாம் பெர்னாந்தோ இறந்தபோது மகள் இசபெல்லாவுக்கு மூன்று வயது கூட ஆகவில்லை. பெண் பட்டத்துக்கு வரக்கூடாது, எனக்குத்தான் உரிமை என்று மன்னரின் தம்பி கார்லோஸ் கொடி பிடித்தார். பக்திமிக்க கிராமங்கள், பாஸ்க் நாடு, நவார்ரா, பழைய உரிமைகளை இழக்கப் பயந்தவர்கள் எல்லாம் அவர் பக்கம். குழந்தை ராணியின் தாய் மரியா கிறிஸ்தினா வேறு வழியில்லாமல் தாராளவாதிகளின் துணையைத் தேடினார். ஏழு வருடம் உள்நாட்டுப் போர் நடந்தது. இரண்டு பக்கமும் கைதிகளைச் சுட்ட போர் அது. 1836 செப்டம்பரில் எஸ்பார்டெரோ வடக்குப் படைக்குத் தலைமை ஏற்றார். அந்த டிசம்பரில் கார்லிஸ்டுகள், அதாவது கார்லோஸ் பக்கம் நின்றவர்கள், பில்பாவ் நகரத்தை முற்றுகையிட்டிருந்தார்கள். டிசம்பர் 24 இரவு பனிப்புயல். எஸ்பார்டெரோ நோயோடு படுக்கையில் கிடந்தார். லுச்சானா பாலத்துப் பக்கம் தாக்குதல் தடுமாறுகிறது என்று கேட்டதும் எழுந்து குதிரை ஏறி, படையை மலை மேல் நடத்திச் சென்றார். பிரிட்டிஷ் கடற்படையின் உதவியும் இருந்தது. மறுநாள் கிறிஸ்துமஸ் காலையில் பில்பாவுக்குள் நுழைந்தார். அவருக்கு ‘லுச்சானா கோமகன்’ பட்டம் கிடைத்தது அதற்காகத்தான்.

அவருடைய கடுமையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பார்சிலோனாவுக்கு விளக்கம் இங்கிருந்துதான் வருகிறது. சம்பளமும் சாப்பாடும் ஒழுங்காக வராத படை அது. 1837 ஆகஸ்டில் மிராந்தா தே எப்ரோவில் சிப்பாய்கள் தங்கள் தளபதி எஸ்கலேராவைக் கொன்றார்கள். எஸ்பார்டெரோ பிறகு அங்கே வந்து, படையை அணிவகுக்கச் செய்து, குற்றவாளிகளைக் காட்டிக் கொடுக்க வைத்து, பத்துப் பேரை அங்கேயே சுட உத்தரவிட்டார். அதற்கு முன்பே, ஒரு தேவாலயத்தைக் கொள்ளையடித்த தன்னார்வப் படையில் சீட்டுக் குலுக்கி ஆட்களைத் தேர்ந்தெடுத்துச் சுட்டார். அவர்கள்தான் கொள்ளையடித்தவர்களா என்பது பற்றி அவர் கவலைப்படவில்லை. படை ஒழுங்கு முதலில், நியாயம் அப்புறம். இந்த மனநிலை போர்க்களத்தில் அவருக்குப் புகழ் தந்தது.

அதே மனிதர் 1839இல் செய்ததுதான் அவர் வாழ்க்கையின் உச்சம் என்பது என் கருத்து. கார்லிஸ்டு படைத் தலைவர் மரோத்தோ போரில் களைத்துப் போயிருந்தார். தன் பக்கத்திலேயே இருந்த எதிர்த் தளபதிகள் சிலரை பிப்ரவரியில் எஸ்தெல்யாவில் சுட்டுவிட்டதால் அவருக்குத் திரும்பும் வழியும் இல்லை. மரோத்தோவும் எஸ்பார்டெரோவும் பெருவில் ஒரே கொடியின் கீழ் சேவை செய்தவர்கள். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஹே இடையில் நின்று பேசினார். ஆகஸ்ட் 31 அன்று வெர்காராவில் இரண்டு படைகளுக்கும் முன்னால் இரண்டு தளபதிகளும் குதிரை மீதிருந்தபடியே கட்டித் தழுவிக்கொண்டார்கள். நிபந்தனைகள் எதிரி நம்ப முடியாத அளவுக்குத் தாராளம்: கார்லிஸ்டு அதிகாரிகள் தங்கள் பதவி, சம்பளத்தோடு ராணியின் படையில் சேரலாம். பாஸ்க், நவார்ரா மக்களின் பழைய தனி உரிமைகளைக் காப்பாற்றும்படி நாடாளுமன்றத்துக்குத் தானே பரிந்துரைப்பதாக எஸ்பார்டெரோ வாக்குக் கொடுத்தார். தோற்றவனின் மானத்தைக் காப்பாற்றி முடித்த உள்நாட்டுப் போர்கள் அந்த நூற்றாண்டு ஐரோப்பாவில் அதிகம் இல்லை. கிழக்கே கப்ரேரா மட்டும் இன்னொரு வருடம் சண்டை போட்டார். 1840 மே மாதம் மொரேயா கோட்டை விழுந்ததும் அவரும் பிரான்சுக்குள் போய்விட்டார். ஊர் ஊராக எஸ்பார்டெரோவை ‘சமாதானம் தந்தவர்’ என்று கொண்டாடினார்கள். அவர் படத்தை வீட்டில் மாட்டினார்கள். பின்னாளில் கிரீடத்துக்கு அவர் பெயர் அடிபட்டதற்கு வேர் இந்த நாள்தான். ஆட்சி செய்த நாட்களில் அவர் சம்பாதித்த செல்வாக்கு மிகக் குறைவு.

வென்ற தளபதி அரசியலுக்குள் எப்படி வந்தார் என்று கேட்டால், அவர் மட்டும் வரவில்லை, எல்லாத் தளபதிகளும் வந்தார்கள். வாக்குரிமை சிறு கூட்டத்துக்கு மட்டும், கட்சிகளுக்கு மக்களிடம் வேர் இல்லை, அரண்மனை விரும்பியவருக்கே ஆட்சி. வெளியே நிற்கும் கட்சிக்கு உள்ளே வர ஒரு வாள் தேவைப்பட்டது. தாராளவாதிகளில் இரண்டு பிரிவு. மிதவாதிகளுக்கு நர்வாயெஸ், பிறகு ஓடொனல். முற்போக்குக் கட்சிக்கு எஸ்பார்டெரோ, பிறகு ப்ரிம். 1840இல் நகராட்சித் தலைவர்களை அரசே நியமிக்கும் சட்டம் ஒன்றை மரியா கிறிஸ்தினா கையெழுத்திட்டார். முற்போக்கு கட்சியின் பிடி முழுக்க நகராட்சிகளில்தான் இருந்தது, அதனால் நகரங்கள் கிளர்ந்தன. அடக்கும்படி ராணித் தாய் கேட்டார், எஸ்பார்டெரோ மறுத்தார். அக்டோபர் 12 அன்று வலென்சியாவில் ராணித் தாய், மகள் பெயரில் ஆளும் பொறுப்பைத் துறந்து நாட்டைவிட்டுப் போனார். கணவர் இறந்த சில மாதங்களிலேயே ஒரு காவல் படை வீரரை ரகசியமாக மணந்திருந்ததும் அவருடைய நிலையைப் பலவீனமாக்கியிருந்தது.

குழந்தை ராணியின் பெயரில் ஆட்சி நடத்த ஒருவரா மூவரா என்று நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம் நடந்தது. ஒருவர் போதும் என்பதற்கு 153 வாக்கு, எதிராக 136. அதன்பின் 1841 மே 8 அன்று எஸ்பார்டெரோ 179 வாக்கு பெற்று அந்த ஒருவரானார். 103 வாக்கு பெற்ற அர்குவெயெஸ், மூத்த தாராளவாதி, ராணியின் பாதுகாவலர் ஆனார். இந்த எண்களை நான் சும்மா எடுத்துவைக்கவில்லை. அவருடைய சொந்தக் கட்சியிலேயே பாதிப் பேர் அவர் கையில் முழு அதிகாரம் தர விரும்பவில்லை. அந்தப் பாதியைச் சமாதானப்படுத்தவேண்டிய வேலை முதல் நாளிலிருந்தே காத்திருந்தது. அதை அவர் செய்யவே இல்லை. பெருவிலிருந்து கூட வந்த பழைய நண்பர்கள், தன் செயலர் லினாகே, இப்படி ஒரு சிறு வட்டத்தோடு ஆண்டார். வெர்காராவில் எதிரிக்குக் காட்டிய பொறுமையில் ஒரு பங்கைக்கூட கூட்டாளிகளுக்குக் காட்டவில்லை. அவர் வீழ்ந்ததற்கு மற்ற எதையும்விட இதையே முதல் காரணமாகச் சொல்வேன்.

1841 அக்டோபரில் மிதவாதத் தளபதிகள் கிளர்ச்சி செய்தார்கள். 7ஆம் தேதி இரவு தியேகோ தே லெயோன் என்ற புகழ்பெற்ற குதிரைப்படைத் தளபதி, குட்டி ராணியைத் தூக்கிப்போக அரண்மனைக்குள் நுழைந்தார். படிக்கட்டில் ஒரு சிறு காவல் படை இரவெல்லாம் சுட்டுத் தடுத்தது. லெயோன் பிடிபட்டார். உள்நாட்டுப் போரில் எஸ்பார்டெரோவின் தலைமையில் வீரத்துக்குப் பெயர் வாங்கியவர் அவர். கருணை கேட்டு எத்தனையோ பேர் வந்தும் 15ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். சுடும் படைக்கு லெயோனே தைரியம் சொன்னார் என்பது பிற்பாடு பரவிய கதை, அதற்கு நான் உறுதி தர மாட்டேன். மரண தண்டனை உண்மை, அதனால் படை அதிகாரிகள் மனசு எஸ்பார்டெரோவை விட்டு விலகியதும் உண்மை. அதே மாதம், கிளர்ச்சிக்கு பாஸ்க் பகுதி துணை போனது என்று சொல்லி, வெர்காராவில் தான் பரிந்துரைத்த தனி உரிமைகளில் பலவற்றை அவரே ஒரே ஆணையில் எடுத்துவிட்டார்.

இப்போது பார்சிலோனா. அந்த நகரம் முதலில் அவருடைய கோட்டை. 1840இல் அவரைத் தோளில் தூக்காத குறையாக வரவேற்றது. கசப்பு மூன்று பக்கத்திலிருந்து வந்தது. ஊர் மக்கள் வெறுத்த ‘சியூதாதெல்யா’ என்ற ராணுவக் கோட்டையை 1841இல் நகரசபைக்காரர்கள் இடிக்கத் தொடங்கினார்கள், அரசாங்கமோ இடித்ததைத் திரும்பக் கட்ட வைத்தது. இரண்டாவது, பிரிட்டனோடு வணிக ஒப்பந்தம் பேசுகிறார்கள், மலிவான ஆங்கிலேயத் துணி வந்து இறங்கப் போகிறது என்ற பயம். பருத்தி ஆலை முதலாளியும் தொழிலாளியும் ஒன்றாகப் பயந்த விஷயம் அது. பேச்சு நடந்தது உறுதி, ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை என்பதும் உறுதி. அவர் பிரிட்டனின் கைப்பாவை என்ற பேச்சை எதிரிகள்தான் வளர்த்தார்கள், அதை நான் ஏற்கவில்லை. மூன்றாவது, கட்டாய ராணுவச் சேர்ப்பு. 1842 நவம்பர் நடுவில் நகர வாயிலில் மதுவுக்கு வரி வாங்குவது பற்றி நடந்த ஒரு தகராறு தெருச் சண்டையாகி, படை நகரத்தை விட்டு வெளியேறி மொன்ஜுயிக் மலைக் கோட்டைக்கு ஏறவேண்டி வந்தது.

எஸ்பார்டெரோ மத்ரித்திலிருந்து நேரில் வந்து, நகரத்துக்கு வெளியே சர்ரியா என்ற ஊரில் தங்கினார். நகரத்தின் நல்ல பெரியவர்கள் பேச வந்தார்கள். அவர் சந்திக்க மறுத்தார். டிசம்பர் 3 அன்று மலைக் கோட்டையிலிருந்து சுமார் 12 மணி நேரம் 1,014 குண்டுகள் நகரத்துக்குள் விழுந்தன. 462 வீடுகள் சேதம். சாவு எண்ணிக்கை ஒரே மாதிரி எங்கும் இல்லை, பெரும்பாலும் 20 முதல் 30 வரை சொல்கிறார்கள். குண்டின் அளவுக்கு சாவு குறைவுதான், ஆனால் நகரம் அடைந்த அவமானம் குறைவல்ல. அதற்கு மேல் ஒரு பெரும் அபராதத் தொகையும் விதித்தார்கள். அவர் ஒருமுறைகூட நகரத்துக்குள் காலெடுத்து வைக்காமல் மத்ரித் திரும்பினார். அந்த முடிவை நான் எந்த வகையிலும் நியாயப்படுத்த மாட்டேன். பேசினால் முடிந்திருக்கும், பேச ஆளும் வந்து நின்றது. அவருக்கு அது சம்பளம் வராத சிப்பாய்களின் கலகம் போலவே தெரிந்தது. தெருவில் இறங்கிய குடிமக்களின் குறையாக அதைப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை. ‘ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை பார்சிலோனாவைக் குண்டு போட்டு அடக்கவேண்டும்’ என்று அவர் சொன்னதாக இணையத்தில் அடிக்கடி வருகிறது. அது அவர் வாயில் பிற்பாடு ஏற்றப்பட்ட வாக்கியம் போலத்தான் எனக்குத் தெரிகிறது. எங்கே, எப்போது, யாரிடம் சொன்னார் என்ற விவரத்தோடு யாரும் அதை எடுத்துத் தருவதில்லை. மேற்கோளாகப் பயன்படுத்தாதீர்கள்.

மிச்சம் வேகமாக நடந்தது. 1843 மே மாதம் அவருடைய கட்சி அமைச்சரவையே, அவரைச் சுற்றியிருந்த தளபதிகளை நீக்கச் சொல்லி, அது நடக்காமல் விலகியது. ப்ரிம் உட்பட முற்போக்காளர்கள் ஒரு பக்கம், நர்வாயெஸ் தலைமையில் மிதவாதிகள் இன்னொரு பக்கம், ஒருவரையொருவர் வெறுத்தவர்கள் அவருக்கு எதிராக மட்டும் சேர்ந்தார்கள். ஜூலை 22 அன்று தொர்ரெஹோன் தே அர்தோசில் அவர் படை சண்டை என்று சொல்லும்படி எதுவும் செய்யாமலே கரைந்தது. அவரோ அப்போது தெற்கே செவில்யாவை முற்றுகையிட்டு அங்கும் குண்டு போட்டுக்கொண்டிருந்தார். ஜூலை 30 அன்று காதிஸ் விரிகுடாவில் கப்பல் ஏறி, பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றில் இடம்பெற்று லண்டன் போய்ச் சேர்ந்தார். புதிய அரசு பட்டங்களைப் பறித்தது. 13 வயது இசபெல்லா முழு வயது வந்தவர் என்று அறிவிக்கப்பட்டு, பத்து வருடம் நர்வாயெஸ் கூட்டத்தின் ஆட்சி நடந்தது. எஸ்பார்டெரோ மன்னிக்கப்பட்டு, 1848இல் திரும்பி, லோக்ரோன்யோவில் தோட்டம், நிலம் என்று அமைதியாக இருந்தார்.

1854 ஜூலையில் ஓடொனலின் படைக் கிளர்ச்சியும் மத்ரித் தெருக்களின் கிளர்ச்சியும் சேர்ந்ததும், பயந்துபோன இசபெல்லா அவரை ஆட்சிக்குக் கூப்பிட்டார். இந்த இரண்டு வருட ஆட்சி பல நல்ல சட்டங்களைத் தந்தது. 1855 ஜூன் மாத ரயில்வே சட்டம் ஸ்பெயினில் தண்டவாளம் வேகமாக நீளக் காரணமானது. ஆனால் வேலை செய்தவர்கள் மதோஸ் போன்ற அமைச்சர்கள். எஸ்பார்டெரோ மேலே ஒரு பெயராக இருந்தார். உங்கள் கேள்விக்கு இந்தக் காலத்தில் ஒரு சம்பவம் மிகவும் முக்கியம். 1855 ஜூலையில் பார்சிலோனா ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமைக்காகப் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். ஸ்பெயினின் முதல் பெரிய பொது வேலைநிறுத்தம் அது. அவர்கள் கொடியில் எழுதிய வாசகம்: ‘எஸ்பார்டெரோ வாழ்க! சங்கம் அல்லது சாவு! ரொட்டியும் வேலையும்!’ பதின்மூன்று வருடம் முன்பு தங்கள் கூரை மேல் குண்டு போட்டவரின் பெயரையே தொழிலாளர்கள் கூவினார்கள். அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நர்வாயெஸ் ஆட்சியின் பத்து வருடங்கள் அந்தக் கோபத்தின் மேல் இன்னொன்றைப் போட்டு மூடியிருந்தன. எல்லா மனிதருக்கும் நடுவில், அரண்மனையில் பிறக்காத, கையால் உழைத்த அப்பாவின் மகன் என்று நம்பக்கூடிய ஒரே பெரிய பெயர் இவர்தான். இந்த முறை அவர் தன் உதவி அதிகாரியைப் பேச அனுப்பினார், வேலைநிறுத்தம் முடிந்தது. சங்க உரிமை மட்டும் அவர்கள் கேட்டபடி வரவில்லை.

1856 ஜூலை 14 அன்று, ஓடொனல் ராணியோடு சேர்ந்து அவரை வெளியே தள்ளினார். மத்ரித்தின் மக்கள் காவல் படை தெருவில் இறங்கி அவர் வந்து தலைமை ஏற்பார் என்று காத்திருந்தது. கொஞ்ச நேரம் முகம் காட்டினார், பிறகு ஒதுங்கிவிட்டார். காவல் படை தனியாகச் சண்டை போட்டுத் தோற்றது. ஏன் ஒதுங்கினார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பயம் என்று எதிரிகள் சொன்னார்கள், லுச்சானா வீரரைப் பற்றி அதை நான் நம்பவில்லை. ராணியின் அரியணைக்கு எதிராக வாள் எடுக்க மாட்டேன் என்ற பிடிவாதம் என்பதே சரியாகப் படுகிறது. ‘தேசத்தின் விருப்பம் நிறைவேறட்டும்’ என்பது வாழ்நாள் முழுக்க அவர் திருப்பித் திருப்பிச் சொன்ன வாசகம். சட்டபூர்வமான அதிகாரம் எதுவோ அதற்குக் கீழ்ப்படிதல், அதை எதிர்ப்பவரை அடக்குதல் என்று இதற்கு அவர் பொருள் எடுத்துக்கொண்டார். பார்சிலோனாவையும் 1856ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மனிதர் தெரிவார்.

கடைசியாகக் கிரீடம். 1868 செப்டம்பர் புரட்சியில் இசபெல்லா நாட்டைவிட்டு ஓடினார். நாடாளுமன்றம் மன்னராட்சியைத்தான் தேர்ந்தெடுத்தது, ஆனால் மன்னர் இல்லை. ப்ரிம் ஐரோப்பா முழுக்க ஓர் இளவரசரைத் தேடினார். அந்தத் தேடலில் ஜெர்மன் இளவரசர் லியோபோல்டின் பெயர் வந்ததுதான் 1870 பிரான்ஸ்–பிரஷ்யப் போருக்குத் தீப்பொறி ஆனது. இந்த நேரத்தில், வெளிநாட்டுக்காரர் எதற்கு, நம்ம எஸ்பார்டெரோ இருக்கிறாரே என்று கைவினைஞர்கள், கடைக்காரர்கள், ஊர்ச் சபைகள் கையெழுத்து வாங்கி மனு அனுப்பினார்கள். மக்கள் விரும்பினார்கள் என்பது இந்த அளவில் முழு உண்மை. 1870 மே மாதம் ப்ரிம் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசு அவரை முன்மொழிகிறது என்று அதில் இல்லை. ஒருவேளை நாடாளுமன்றம் அவரைத் தேர்ந்தெடுத்தால் ஏற்பாரா என்றுதான் கேட்டார். வயதும் உடல்நிலையும் இடம் கொடுக்காது என்று எஸ்பார்டெரோ மறுத்தார். ஆகவே கிரீடத்தைக் கையில் கொண்டுவந்து நீட்டினார்கள் என்பது மிகை. மறுப்பார் என்று தெரிந்தேதான் ப்ரிம் கேட்டார் என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ப்ரிமின் மனசுக்குள் யாரும் போய்ப் பார்க்க முடியாது, ஆனால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அந்த நவம்பர் 16 அன்று வாக்கெடுப்பில் இத்தாலிய இளவரசர் அமதேயோ 191 வாக்கு பெற்றார். ஏற்கனவே மறுத்துவிட்ட எஸ்பார்டெரோவுக்கும் 8 பேர் வாக்களித்தார்கள்.

மறுத்ததற்காக அவரைத் தியாகி ஆக்கத் தேவையில்லை. வயது 77, பிள்ளை இல்லை. அவர் கண் மூடியதும் அடுத்த மன்னர் யார் என்று நாடு மறுபடி அடித்துக்கொண்டிருக்கும். அதை அவர் சரியாகவே கணித்தார். ஆசைப்பட்டுத் தலையாட்டியிருக்கக்கூடிய இடத்தில் ஆட்டவில்லை என்பதற்கு மட்டும் முழு மதிப்பெண் கொடுப்பேன். அமதேயோவின் நிலை என்ன ஆனது என்று பாருங்கள். அவரைக் கொண்டுவந்த ப்ரிம் டிசம்பர் 27 அன்று மத்ரித் தெருவில் சுடப்பட்டு மூன்று நாளில் இறந்தார், அமதேயோ 1873 பிப்ரவரியில் முடி துறந்துவிட்டுப் போனார். போவதற்கு முன் 1871இல் லோக்ரோன்யோவுக்கு வந்து எஸ்பார்டெரோவின் வீட்டில் தங்கி, அடுத்த ஜனவரியில் ‘வெர்காரா இளவரசர்’ என்ற பட்டத்தைத் தந்தார். நீங்கள் சில இடங்களில் ‘இளவரசர் எஸ்பார்டெரோ’ என்று பார்த்துக் குழம்பியிருந்தால் காரணம் இதுதான். அரச குடும்பத்தோடு அவருக்கு எந்த ரத்த உறவும் கிடையாது. அமதேயோ, குடியரசு, 1875இல் திரும்பி வந்த இசபெல்லாவின் மகன் அல்போன்சோ என்று யார் ஆட்சிக்கு வந்தாலும் அவர் ஏற்றுக்கொண்டார். 1878இல் ஹசிந்தா இறந்தார். சில மாதம் கழித்து 1879 ஜனவரி 8 அன்று அவரும் லோக்ரோன்யோவில் இறந்தார். அவர்கள் வாழ்ந்த மாளிகைதான் இன்று லா ரியோஹா அருங்காட்சியகம். இருவரையும் அடக்கம் செய்திருப்பது அதே ஊரின் லா ரெதோந்தா பேராலயத்தில். ஸ்பெயின் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், மத்ரித்தில் ரெதீரோ பூங்கா எதிரே இருக்கும் குதிரைச் சிலையோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்த ஊருக்கும் போய்வாருங்கள்.